போர்க் ஃபில்லெட்டுக்கு எது சேரும்? கூடக் குடிக்க என்ன வைப்பது?

கம்மனஹள்ளிக்காரன் | செவ்வாய், இரவு 9.40

வணக்கம் மக்களே. சனிக்கிழமை ராத்திரி வீட்டில் 6 பேருக்குச் சாப்பாடு. பிரேசர் டவுனில் ஒரு கோல்டு ஸ்டோரேஜில் சொல்லிவைத்து 2 போர்க் ஃபில்லெட் எடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கொழுப்பு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. நான் வழக்கமாகச் செய்வது கொழுப்பும் தோலும் சேர்ந்த கறியில் மிளகு வறுவல். இந்தப் பாகம் நமக்குப் புதுசு.

வருகிறவர்களில் ஒருத்தர் குடகுக்காரர், பன்றிக்கறியில் கரை கண்டவர். இன்னொருத்தருக்குக் காரம் ஆகாது. 2 பேர் மது தொடமாட்டார்கள். மற்றவர்களுக்கு ஒயினோ பியரோ வைக்கலாம் என்று நினைப்பு. கைவசம் இருப்பது கேஸ் அடுப்பு, ஒரு கனமான இரும்புச் சட்டி, சின்ன ஓடிஜி (மின்சார அவன்).

மசாலா என்ன, சாஸ் என்ன, பக்கத்தில் என்ன வைப்பது, குடிக்க என்ன? நெட்டில் தேடினால் ஆப்பிள், சேஜ் இலை, சைடர் (ஆப்பிள் மது) என்று வருகிறது. அதில் பாதி நம் ஏரியாவில் கிடைக்காது.

அல்சூர் அக்கா | செவ்வாய், இரவு 9.58

எதற்கு தம்பி இவ்வளவு யோசனை? குடகுக்காரர் வருகிறார் இல்லையா, அவர்கள் ஊர்ப் பன்றிக் குழம்பு, பண்டிக் கறி வைத்துவிடு. கடம்புட்டு (ஆவியில் வேகவைத்த அரிசி உருண்டை) பண்ணத் தெரியாவிட்டால் அக்கி ரொட்டி போதும். காரம் ஆகாதவருக்குத் தயிர் வை. முடிந்தது.

விராஜ்பேட்டை மருமகன் | செவ்வாய், இரவு 10.21

அக்கா, இதை மட்டும் செய்யச் சொல்லாதீங்க. நான் குடகில் பெண் எடுத்த தமிழன், மாமியார் அடுப்படியில் நின்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன். பண்டிக் கறிக்குத் தோல், கொழுப்பு, சதை மூன்றும் சேர்ந்த துண்டு வேண்டும். நெடுநேரம் வேகும்போது அந்தக் கொழுப்பு உருகி, கருக வறுத்த மல்லி, மிளகு, சீரகம், கடுகு, வெந்தயத்தோடு கலந்துதான் அந்தக் கருப்புக் குழம்பே வருகிறது. கடைசியில் விடுகிற கச்சம்புளி அந்தக் கொழுப்பை வெட்டுவதற்காக. ஃபில்லெட்டை அப்படி வேகவைத்தால் தேங்காய் நார்தான் மிஞ்சும். குடகு விருந்தாளிக்கு அதைப் பண்டிக் கறி என்று பரிமாறுவது திருநெல்வேலிக்காரருக்கு டால்டாவில் கிண்டிய அல்வாவைக் கொடுப்பது மாதிரி.

கச்சம்புளியை மட்டும் விடாதீங்க தம்பி. கொடம்புளி இனத்துப் பழச்சாற்றைக் காய்ச்சிக் காய்ச்சிக் கறுப்பாக எடுப்பது, ரொம்பப் புளிக்கும். அரை டீஸ்பூன், கொஞ்சம் வெல்லம், நிறைய இடித்த மிளகு. இதைக் கறி பொரித்த சட்டியிலேயே ஒரு கரண்டித் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்தால் பளபளவென்று ஒரு சாஸ் வரும். அந்தக் குடகுக்காரர் வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

ஓட்டல்காரன் | செவ்வாய், இரவு 11.05

மருமகன் சொன்னது சரி. நான் ஓட்டல் கிச்சனில் இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கையில் இருப்பது ஃபில்லெட்தானா என்று பாருங்கள். முதுகெலும்புக்கு உள்பக்கம் ஓடுகிற, அதிகம் உழைக்காத தசை இது. அதனால்தான் இவ்வளவு மெது. ஒரு பன்றிக்கு 2தான் கிடைக்கும். அதனால் சில கடைகளில் முதுகுக்கறியை, அதாவது லாயினை, நீளவாக்கில் கீறி ஃபில்லெட் என்று தலையில் கட்டிவிடுகிறார்கள். உண்மையான ஃபில்லெட் ஒரு பக்கம் தடித்து, மறு பக்கம் வால் மாதிரி குறுகிப் போகும். லாயின் கடைசிவரை ஒரே அகலமாக, மேலே ஒரு வெள்ளைக் கொழுப்புப் பட்டையோடு இருக்கும்.

அடுத்து, மேலே வெள்ளி நிறத்தில் ஒரு சவ்வு இருக்கும். அது எவ்வளவு வேகவைத்தாலும் கரையாது, சூட்டில் சுருங்கிக் கறியை வில்லாக வளைத்துவிடும். சின்னக் கத்தியின் முனையை அதன் அடியில் நுழைத்து, கூர்ப்பக்கத்தைக் கொஞ்சம் மேலே சாய்த்து, இடது கையால் சவ்வை இழுத்துப் பிடித்துக்கொண்டு கத்தியை நகர்த்துங்கள். நாடா மாதிரி வந்துவிடும். பிறகு வால் பக்கத்தை உள்ளே மடித்து நூலால் கட்டினால் முழுத் துண்டும் ஒரே தடிமனில் இருக்கும், ஒரே மாதிரி வேகும்.

இப்போது உங்கள் கேள்விக்கு. ஃபில்லெட்டில் கொழுப்பும் குறைவு, சுவையும் சாது. இதற்கு எது சேரும் என்று கேட்பதைவிட இதில் எது இல்லை என்று பாருங்கள். கொழுப்பு இல்லை, ஆகவே வெண்ணெய், கிரீம், பேக்கன், முந்திரி இவற்றில் ஏதாவது ஒன்று. கூடவே ஒரு புளிப்பு, துளி இனிப்பு. உலகம் முழுக்க இந்தக் கறியை இப்படித்தான் சமைக்கிறார்கள். நார்மண்டியில் ஆப்பிளும் கிரீமும். சீனாவில் பொரித்துப் புளிப்பு இனிப்புச் சாஸ். ஜப்பானில் ரொட்டித்தூள் தோய்த்துப் பொரித்து, பச்சை முட்டைக்கோஸும் கடுகு விழுதும். ஸ்பெயினின் செவில்லா நகரத்து டாபாஸ் (சிறுதீனி) கடைகளில் பூண்டு, எலுமிச்சை, விஸ்கி சேர்த்த சாஸ்.

நம் ஊரில் தப்பு நடப்பது மசாலாவில். மட்டனுக்குப் போடுகிற அளவு கரம் மசாலா, இஞ்சி பூண்டு விழுது எல்லாம் போட்டு ஒரு ராத்திரி ஊறவைத்தால் நாக்குக்குத் தெரிவது மசாலா மட்டும். அதற்கு இவ்வளவு விலை கொடுத்து ஃபில்லெட் வாங்க வேண்டியதில்லை.

நாஞ்சில் அடுப்படி | புதன், காலை 7.15

எங்கள் பக்கம் கிறிஸ்துமஸுக்குப் பன்றிக்கறி வறுவல் என்றால் தேங்காய்ப் பல்லும் மிளகும்தான். ஃபில்லெட்டுக்கும் அதைக் கொண்டுவரலாம். தேங்காய்ப் பல்லை நெய்யில் சிவக்க வறுத்து, கறிவேப்பிலை, நசுக்கிய மிளகோடு மேலே தூவுங்கள். ஓட்டல்காரர் சொன்ன கொழுப்பு அதிலேயே வந்துவிடும், கடிக்கவும் ஏதோ இருக்கும்.

ஊறவைக்கும்போது பச்சைப் பப்பாளி, அன்னாசி போட வேண்டாம். மெதுவாக்குவதற்காகச் சேர்ப்பவை அவை. ஏற்கெனவே மெதுவான கறியில் போட்டால் மேல்பக்கம் களி மாதிரி ஆகிவிடும். அன்னாசி பிடிக்கும் என்றால் சட்டியில் சுட்டுத் தனியாகப் பக்கத்தில் வையுங்கள். சூடு பட்டதும் அந்த நொதி செத்துவிடும், பிரச்சினை இல்லை.

கம்மனஹள்ளிக்காரன் | புதன், காலை 8.30

எல்லோருக்கும் நன்றி. சவ்வு இருக்கிறது, வாலும் இருக்கிறது. ஆகவே ஃபில்லெட்தான்.

ஆப்பிள், கிரீம் பக்கம் மனசு போகிறது. ஆனால் சேஜ் இலைக்கு எங்கே போவது? இன்னொன்று, உள்ளே லேசாக ரோஸ் நிறம் இருக்கலாம் என்று படித்தேன். பன்றிக்கறியை அப்படிச் சாப்பிடலாமா? வீட்டில் அம்மா கேட்டால் துடைப்பத்தை எடுப்பார்.

மாட்டு டாக்டர் | புதன், காலை 9.02

நிறத்தைப் பார்க்க வேண்டாம், சூட்டைப் பாருங்கள். அமெரிக்க வேளாண் துறை 2011ல் முழுத் துண்டுக்கான அளவை 63 டிகிரி செல்சியஸ் என்று குறைத்தது. அடுப்பிலிருந்து எடுத்தபின் குறைந்தது 3 நிமிடம் ஆறவிட வேண்டும். கொத்துக்கறிக்கு மட்டும் 71. குத்திப் பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஆன்லைனில் கிடைக்கிறது, பேக்கரிச் சாமான் கடைகளிலும் இருக்கும். தடித்த பாகத்தின் நடுவில் குத்தணும்.

நாடாப்புழு பயம் நம் நாட்டில் நியாயமானதுதான், இங்கே அது இன்னும் இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தைப் பலர் மாற்றிப் புரிந்துவைத்திருக்கிறார்கள். சரியாக வேகாத கறியில் இருக்கும் கட்டிகளால் குடலில் புழு வளரும். மூளையில் கட்டி வந்து வலிப்பு வருவது புழுவின் முட்டை வயிற்றுக்குள் போவதால். அந்த முட்டை புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து வருவது. கழுவாத கை, கழுவாத பச்சைக் காய்கறி வழியாகப் பரவும். பன்றிக்கறியே தொடாத குடும்பங்களிலும் அந்த வியாதி வருவது இதனால்தான். ஆகவே கறியோடு பச்சைக் கோஸ் சாலட் வைக்கப்போகிறீர்கள் என்றால் கோஸை இதழ் இதழாகப் பிரித்து நன்றாகக் கழுவுங்கள்.

தெர்மாமீட்டர் இல்லையென்றால், அல்லது கறி எங்கிருந்து வந்தது என்று தெரியாத கடையென்றால், ரோஸ் நிறம் மறையும்வரை வேகவையுங்கள். கொஞ்சம் காய்ந்து போகும். அதற்குத்தான் சாஸ் இருக்கிறதே.

அல்சூர் அக்கா | புதன், காலை 10.40

சேஜ் இல்லையென்றால் என்ன, ஓமவல்லி இல்லையா? இங்கே பெங்களூரில் தொட்டபத்ரே என்பார்கள். தாம்பூளி என்கிற தயிர்ப் பச்சடிக்கு அரைப்பதற்காகவே பாதி பால்கனிகளில் தொட்டியில் நிற்கும். பக்கத்து வீட்டில் கேள், ஒரு கிளை ஒடித்துக் கொடுப்பார்கள். தண்ணி நிறைந்த தடி இலை, அதனால் துணியில் ஈரம் போகத் துடைத்து, வெண்ணெய் நுரை அடங்கிய பிறகு போடு. முதலில் சடசடவென்று தெறிக்கும், சத்தம் ஓய்ந்ததும் எடுத்துவிடு. ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் ஓமமும் கற்பூரமும் கலந்த வாசனை. அந்த வெண்ணெயிலேயே கறியைப் புரட்டு. இலை 5, 6 போதும், கூடினால் கஷாயம்.

ஓட்டல்காரன் | புதன், காலை 11.20

அக்கா, பிரமாதம். கரீபியன் தீவுகளிலும் இதே செடியைக் கறி ஊறவைக்கப் போடுகிறார்கள், ஆகவே வெளிநாட்டுச் சிபாரிசும் உண்டு.

ஆப்பிள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சிவப்பு டெலிஷியஸ் வகை சூட்டில் மாவாகிவிடும், புளிப்பும் கிடையாது. பச்சை ஆப்பிள் வாங்குங்கள், புளிப்பும் இருக்கும், துண்டும் நிற்கும். அது கிடைக்காவிட்டால் சிவப்பிலேயே அரை எலுமிச்சை பிழியலாம்.

கடுகும் வேண்டும். பாட்டிலில் வருகிற மஞ்சள் மஸ்டர்ட் வேண்டாம், அதில் வினிகர்தான் தூக்கலாக இருக்கும். பெங்காலி மளிகைக் கடையில் காசுந்தி என்கிற கடுகு விழுது வாங்குங்கள். மூக்கில் ஏறுகிற காரம், மிளகாய்க் காரம் மாதிரி நாக்கில் தங்காது. காரம் ஆகாத உங்கள் நண்பர் தாங்கிக்கொள்வார்.

முறை இப்படி. சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் 1 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் உப்பு, ஒரு கை வெல்லம் கரைத்துக் கறியை அதில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எடுத்து ஈரத்தைச் சுத்தமாக ஒற்றுங்கள், இல்லாவிட்டால் பொரியாது, அவியும். இரும்புச் சட்டியைப் புகைகிற அளவு காயவைத்து எல்லாப் பக்கமும் சிவக்கவிடுங்கள். பிறகு 200 டிகிரியில் சூடான ஓடிஜியில் 10 நிமிடத்திலிருந்து குத்திப் பாருங்கள். 61 வந்ததும் வெளியே எடுத்து ஃபாயிலால் தளர்வாக மூடி வைத்தால் உள்சூட்டிலேயே இன்னும் 3, 4 டிகிரி ஏறும்.

அது ஆறுகிற நேரத்தில் அதே சட்டியில் வெண்ணெய், சின்ன வெங்காயம், ஆப்பிள். ஒரு கிளாஸ் ஆப்பிள் ஜூஸோ ஒயினோ விட்டு அடியில் ஒட்டியதையெல்லாம் சுரண்டி, பாதியாகச் சுண்டவிடுங்கள். காசுந்தி ஒரு ஸ்பூன். அடுப்பை அணைத்தபிறகு கிரீம். நமக்குக் கிடைக்கிற பாக்கெட் கிரீமில் கொழுப்பு 25 சதம்தான், புளிப்போடு கொதித்தால் திரிந்துவிடும். தட்டில் வழிந்திருக்கும் கறிச்சாற்றையும் கடைசியில் சாஸிலேயே சேர்த்துவிடுங்கள்.

கூழாங்கல் | புதன், மதியம் 1.10

எல்லாரும் வெள்ளைக்காரன் சாப்பாடு பண்ணுகிறீர்கள். எஜிபுரா பக்கம் வடகிழக்கு மாநிலக் கடைகளில் காய்ந்த மூங்கில் குருத்து கிடைக்கும். நாகர்கள் பன்றிக்கறிக்குப் போடுவது அதைத்தான். அதன் முன்னால் ஆப்பிள் எம்மாத்திரம்.

ஓட்டல்காரன் | புதன், மதியம் 1.32

மூங்கில் குருத்து எனக்கும் உயிர். ஆனால் அதுவும் கொழுப்புக் கறிக்கான புளிப்பு, வாசனையும் பலமானது. ஃபில்லெட்டோடு வைத்தால் குருத்துக் கறியில் கொஞ்சம் பன்றி போட்ட மாதிரி இருக்கும். அடுத்த தடவை வயிற்றுக்கறி வாங்கும்போது அதற்கென்று தனி இழை போடுவோம்.

கம்மனஹள்ளிக்காரன் | புதன், இரவு 9.15

சமையல் கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. ஒரு ஃபில்லெட் ஆப்பிள், காசுந்தி, ஓமவல்லி. இன்னொன்று கச்சம்புளி, மிளகு, வெல்லம், மேலே நாஞ்சிலார் சொன்ன தேங்காய்ப் பல். இனி குடிப்பதற்கு வருவோம். வீட்டில் சிவப்பு ஒயின் ஒரு பாட்டில் இருக்கிறது, நந்தி மலை அடிவாரத்து க்ரோவர் லா ரிசர்வ். அதையே திறக்கலாமா?

திராட்சைத் தோட்டம் | புதன், இரவு 9.48

தொட்டபள்ளாபுரா பக்கத்துச் சரக்கு, நம் மாவட்டத்துப் பெருமை, குறை சொல்ல மனசு வராது. ஆனால் ஆப்பிள் கிரீம் சாஸோடு வேண்டாம். லா ரிசர்வ் கேபர்னே, ஷிராஸ் என்ற 2 திராட்சை வகைகளின் கலவை. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வருகிற டானின் அதில் ஜாஸ்தி, வாயைத் துவர்க்கவைப்பது அதுதான். கொழுப்பும் புரதமும் நிறைந்த கறி என்றால் அவை டானினை இழுத்துக்கொண்டு துவர்ப்பை அடக்கும். மாட்டுக்கறி ஸ்டேக்கோடு சரியாக வருவது அதனால். சாதுவான ஃபில்லெட் அதன் பக்கத்தில் காணாமல் போய்விடும். மிளகாய்க் காரம் இருந்தால் டானினும் ஆல்கஹாலும் எரிச்சலைத் தூக்கிக் காட்டும்.

ஆப்பிள் சாஸுக்குச் சென்னின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின். நாசிக்கின் சூலா போடுகிறது, எல்லாக் கடையிலும் இருக்கும். லேசான இனிப்பும் பச்சை ஆப்பிள் மாதிரிப் புளிப்பும் உண்டு. ரீஸ்லிங் கிடைத்தால் இன்னும் நல்லது. ஜெர்மனியிலும் அல்சாஸிலும் பன்றிக்கறிக்குப் பக்கத்தில் பெரும்பாலும் அதுதான் இருக்கும்.

லா ரிசர்வைக் கச்சம்புளி மிளகுக் கறிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே மிளகும் கருகச் சிவந்த மேல்பக்கமும் அதற்கு ஈடு கொடுக்கும். வெல்லம் மட்டும் அளவோடு. சாப்பாடு ஒயினைவிட இனிப்பாக இருந்தால் ஒயின் புளித்த தண்ணீராகத் தெரியும்.

இன்னொரு விஷயம். சிவப்பு ஒயினை அறைச் சூட்டில் வைக்கணும் என்பது குளிர் நாட்டு வீட்டுக்குச் சொன்னது. நம் ஹாலில் 25, 26 டிகிரி இருக்கும், ஒயினில் ஸ்பிரிட் நெடிதான் முன்னால் வரும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். வெள்ளையை 2 மணி நேரம்.

மால்ட் மாமா | புதன், இரவு 10.30

பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு பன்றிக்கறிக்கு ஒயின் பேசுகிற கொடுமையை என்ன சொல்ல! அங்கேயே பியர் காய்ச்சி ஊற்றும் மைக்ரோபுரூவரிகளால் பேர் வாங்கிய ஊர் இது. இந்திராநகரில் டாய்ட் 2010ல் திறந்ததிலிருந்து கோதுமை பியர் என்றால் என்ன என்று ஆட்டோக்காரருக்கும் தெரியும்.

ஃபில்லெட்டுக்குக் கோதுமை பியர். பவேரியாவின் ஹெஃபவைசன் பாணியில் செய்ததாக இருந்தால் ஈஸ்டிலிருந்து வாழைப்பழம், கிராம்பு வாசனை வரும். அந்தக் கிராம்பு கடுகோடும் ஆப்பிளோடும் ஒட்டிக்கொள்ளும். கசப்பு குறைவு, நுரை நாக்கில் இருக்கும் கிரீமைத் துடைத்துவிடும். கேனில் வருகிற பீரா ஒயிட்டும் கோதுமை வகைதான், ஆனால் அதில் ஆரஞ்சு வாசனை தூக்கல். ஆகவே காசுந்தியில் கொஞ்சம் எலுமிச்சைத் தோல் துருவிப் போட்டுக்கொள்ளுங்கள்.

கச்சம்புளிக் கறிக்கு டார்க் லாகர் எடுக்கலாம். வறுத்த மால்ட்டின் கேரமல் ருசி வெல்லத்தோடு போகும். ஐபிஏ என்கிற கசப்பு பியர் வேண்டவே வேண்டாம். அதன் கசப்பும் மிளகும் சேர்ந்தால் தொண்டை பிடிக்கும்.

திராட்சைத் தோட்டம் | புதன், இரவு 10.41

கோதுமை பியரை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வயிறு நிரம்பிவிடுமே மாமா. கறி வருவதற்குள் ஆளுக்கு ஒரு பைண்ட் உள்ளே போயிருக்கும்.

மால்ட் மாமா | புதன், இரவு 10.47

சின்ன கிளாஸில் ஊற்றச் சொல்லுங்கள். ஒயினுக்கு மட்டும்தான் சின்ன கிளாஸா?

சைவப்பூனை | வியாழன், காலை 6.50

நான் பன்றிக்கறியும் சாப்பிடமாட்டேன், குடிக்கவும் மாட்டேன். இருந்தாலும் இந்த இழையை முழுக்க வாசித்துவிட்டேன். மது தொடாத அந்த 2 பேரை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். வழக்கம்போல அவர்கள் முன்னால் ஒரு பெரிய கோலா பாட்டிலை வைத்துவிடுவீர்கள், தெரியும். கோலாவின் இனிப்பில் ஆப்பிள் சாஸின் இனிப்பு செத்துப்போகும்.

பானகம் வையுங்கள். சிரிக்காதீர்கள். வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய். புளிப்பும் இனிப்பும் இஞ்சிக் காரமும் ஒரே குவளையில் இருக்கின்றன. சைடர் கிடைக்கவில்லை என்று ஏங்குகிறீர்களே, அந்த வேலையை இது செய்யும். வெல்லத்தைப் பாதியாகக் குறைத்து, எலுமிச்சையைக் கூட்டி, பரிமாறும்போது சோடா கலந்துகொள்ளுங்கள். ஏலக்காய் ஒன்றுக்கு மேல் வேண்டாம், பாயசம் ஆகிவிடும்.

இன்னொன்று கோகம். மங்களூர் சாமான் விற்கிற கடையில் உலர்ந்த கோகம் தோல் கிடைக்கும், இங்கே முருகலு என்று கேட்கணும். கொஞ்சம் வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்து, இந்துப்பும் வறுத்த சீரகமும் போட்டு, சர்க்கரையைப் பெயருக்குச் சேர்த்தால் போதும். ஒயின் மாதிரியே சிவப்பு. ஒயின் கிளாஸிலேயே ஊற்றலாம், அவர்களும் கூட்டத்தோடு சேர்ந்த மாதிரி இருக்கும். கச்சம்புளிக் கறிக்கு இதுதான். இரண்டும் ஒரே குடும்பத்துப் பழம்.

அல்சூர் அக்கா | வியாழன், காலை 8.05

ராமநவமிப் பானகத்தைப் பன்றிக்கறிக்கா? எங்கள் பாட்டி இருந்திருந்தால் இந்த இழையையே பூட்டியிருப்பாள். ஆனால் நல்ல யோசனை பூனை.

நன்னாரி வேண்டாம் தம்பி, யாராவது சொல்வார்கள் என்று முன்கூட்டியே சொல்கிறேன். அந்த வாசனை கறியோடு மல்லுக்கு நிற்கும். மோரும் கிரீம் சாஸுக்கு ஆகாது. ரொம்பச் சோம்பலாக இருந்தால் புத்தூர்க்காரர்களின் பிந்து ஜீரா வாங்கி எலுமிச்சை பிழிந்து வை, மிளகுக் கறிக்கு அது பரவாயில்லை.

விராஜ்பேட்டை மருமகன் | வியாழன், காலை 9.30

பக்கத்தில் வைப்பது பற்றி யாரும் பேசவில்லையே. டிசம்பர் மாதம், ஊரெல்லாம் அவரைக்காய் வாசனை. தோல் நீக்கிய அவரைப் பருப்பை (இங்கே ஹிதகித அவரேபேளை) உப்புப் போட்டுக் குழைய வேகவைத்து, வெண்ணெயும் ஒரு பல் பூண்டும் சேர்த்து மசித்துப் பாருங்கள். உருளைக்கிழங்கு மசியலைவிட ருசி, லேசான பச்சை நிறம், மேலே கறித் துண்டை அடுக்கினால் பார்க்கவும் நன்றாக இருக்கும். பன்றியும் பயறும் சேர்வது உலகத்தில் பல ஊர்ச் சமையலில் உண்டு. பிரேசிலில், பிரான்ஸில் எல்லாம் பெரிய விருந்தே அதில்தான்.

கச்சம்புளிக் கறிக்கு அக்கி ரொட்டி, வேறு பேச்சே இல்லை. குடகில் செய்கிற மாதிரி சாதமும் அரிசி மாவும் சேர்த்துப் பிசைந்தது, மெத்தென்று இருக்கணும். பெங்களூர் ஓட்டல்களில் வெங்காயம், சப்சிகே (சதகுப்பை) கீரை போட்டுத் தட்டுகிற அக்கி ரொட்டி இதற்குச் சேராது.

நாஞ்சில் அடுப்படி | வியாழன், காலை 10.12

அவரேபேளை மசியலோடு முட்டைக்கோஸும் இருக்கட்டும். டாக்டர் பயமுறுத்திவிட்டதால் பச்சையாக வேண்டாம். மெல்லியதாக அரிந்து வெண்ணெயில் வதக்கி, ஒரு சிட்டிகை ஷாஜீரா, கொஞ்சம் வினிகர். 5 நிமிட வேலை.

மாட்டு டாக்டர் | வியாழன், காலை 10.20

நான் பயமுறுத்தவில்லை, கழுவத்தான் சொன்னேன்.

பழைய துறவி | வியாழன், மாலை 6.45

ஓட்டல்காரரின் விஸ்கி சாஸ் என்ற ஒற்றை வரி என்னை இழுத்துவிட்டது. நம் ஊர் அம்ருத் சிங்கிள் மால்ட் ஒரு பாட்டில் வீட்டில் இருக்கிறது. அதை ஊற்றலாமா?

ஓட்டல்காரன் | வியாழன், மாலை 7.20

ஊற்றாதீர்கள் ஐயா. கொதிக்கும்போது அந்த நுணுக்கமான வாசனையெல்லாம் ஆவியில் போய்விடும். சாஸுக்குச் சாதாரண பிளெண்டட் விஸ்கி, ஃபில்லெட்டை வட்ட வட்டமாக வெட்டிப் பொரித்த சட்டியில் ஒரு 60 மில்லி. தோலோடு நசுக்கிய பூண்டுப் பல் நிறைய, எலுமிச்சைச் சாறு, ஒரு கரண்டி எலும்புச் சாறு. விஸ்கி ஊற்றும்போது சட்டியை அடுப்பிலிருந்து தள்ளி எடுத்து ஊற்றுங்கள், புகைபோக்கிக்குக் கீழே தீ எழும்பினால் கஷ்டம். அம்ருத்தைப் பக்கத்தில் கிளாஸில் வைத்துக்கொள்ளலாம், கொஞ்சம் தண்ணீர் விட்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 2004ல் அறிமுகமாகி அங்கேயே மரியாதை வாங்கிய சரக்கு அது.

ரம் பிரியர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓல்டு மாங்க் 2 மூடி, வெல்லம், ஆரஞ்சுச் சாறு, ஒரு கிராம்பு. பாகு பதம் வந்ததும் கறி மேல் தடவி ஓடிஜியில் கடைசி 3 நிமிடம். அதற்கு முன்னால் தடவினால் வெல்லம் கருகிவிடும்.

கம்மனஹள்ளிக்காரன் | வெள்ளி, இரவு 8.50

எல்லாம் வாங்கியாயிற்று. காசுந்தி கிடைத்தது, தெர்மாமீட்டர் வந்துவிட்டது, ஓமவல்லி மேல்மாடி ஆன்ட்டி வீட்டிலிருந்து. சூலா சென்னின், கோதுமை பியர் கேன், கோகம். பச்சை ஆப்பிள் விலையைக் கேட்டு மயங்கி விழாத குறை. கச்சம்புளி மட்டும் கடையில் அகப்படவில்லை. குடகு நண்பரிடமே கேட்டேன், வரும்போது எடுத்துவருவதாகச் சொன்னார். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு கடைசிச் சந்தேகம். 2 ஃபில்லெட்டையும் ஒரே நேரத்தில் ஓடிஜியில் வைக்கலாமா?

ஓட்டல்காரன் | வெள்ளி, இரவு 9.10

சின்ன ஓடிஜி என்றால் சூடு இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கை இடைவெளி கிடைத்தால் வையுங்கள், இல்லையென்றால் 15 நிமிடம் தள்ளி ஒவ்வொன்றாக. முதலில் ஆப்பிள் கறி போகட்டும். அதைச் சென்னினோடும் பியரோடும் முடித்துவிட்டு, கச்சம்புளிக் கறி வரும்போது சிவப்பு ஒயினைத் திறங்கள். மாற்றி வைத்தால் மிளகு தின்ற நாக்குக்கு ஆப்பிள் சாஸ் சப்பென்று இருக்கும்.

இரும்புச் சட்டியில் கச்சம்புளியை ரொம்ப நேரம் கொதிக்கவிடாதீர்கள், புளிப்பில் இரும்பு வாசனை ஏறும். வேறு சட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

அல்சூர் அக்கா | வெள்ளி, இரவு 9.34

மிச்சம் இருந்தால் மறுநாள் சூடுபண்ணாதே, விறைத்துவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சில்லென்றே மெல்லிசாக அரிந்து, பன்னில் காசுந்தி தடவி வைத்துச் சாப்பிடு. அதற்கு எந்த ஒயினும் வேண்டாம், இஞ்சி டீ போதும்.